ஈஸ்டுக்குக் கல்லீரல் கிடையாது

1

என் தம்பி செந்தில் இறந்து, போன மாதத்தோடு ஒரு வருடம் ஆகிவிட்டது. திதிக்காகப் பெருந்துறைக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு ஜெர்மனிக்குத் திரும்பி வந்தேன். வந்த மறுநாளே காலை ஏழரை மணிக்கு வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு ஆய்வுக்கூடத்தில் ஈஸ்ட் குடுவைகளுக்கு முன்னால் நின்றேன். பக்கத்து மேஜைக்காரர் யோனாஸ், "விடுமுறை எப்படி இருந்தது, நல்ல வெயிலா?" என்று கேட்டார். நல்ல வெயில் என்றேன். இங்கே கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும்.

செந்திலுக்குக் கல்லீரலில் ஒரு பகுதி வேண்டியிருந்தது. குடும்பத்தில் அதைக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் அவன் அக்கா, நான். நான் கொடுக்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர்கள் கேட்டார்களா, கேட்கவில்லையா என்பதில்தான் ஒரு வருடமாக மாட்டிக்கொண்டு கிடக்கிறேன். ஊரில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் சொல்லவும் மாட்டார்கள். அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஜெர்மனியின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஊரில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். பெருந்துறையில் என்னை சயின்டிஸ்ட் என்பார்கள். நான் டெக்னீஷியன். ரொட்டிக்கும் பீருக்கும் போடுகிற அதே ஈஸ்டை முப்பது டிகிரி சூட்டில் வளர்த்து, அதன் செல்லுக்குள் எந்த ஜீன் எவ்வளவு வேலை செய்கிறது, எந்தப் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் பிழைப்பு.

இதை அம்மாவுக்குப் புரியவைக்க ஒருமுறை முயன்றேன். கோயமுத்தூரில் ஒரு ஓட்டலை நினைத்துக்கொள் என்றேன். சப்ளையர் உள்ளே பார்த்து ஆர்டர் சொல்கிறார், சமையல்கட்டிலிருந்து தோசை வருகிறது. செல்லுக்குள் ஜீன் சொல்லி அனுப்பும் ஆர்டருக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். தோசைதான் புரதம். ஆர்டரை எண்ணினால் தோசை எத்தனை என்று தெரிந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். தெரியாது. சில ஜீன்கள் தொண்டை வறள ஆர்டர் சொல்லும், தட்டில் ஒன்றும் வராது. சில ஜீன்கள் எப்போதோ ஒருமுறை முனகும், தோசை அடுக்கடுக்காகக் கிடக்கும். அதனால் இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது.

"இதுக்கா அவ்வளவு தூரம் போன?" என்றார் அம்மா.

புதிதாக வரும் மாணவர்களுக்கு முதல் நாள் நான் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். ஆர்டர் வந்ததா என்று பார்த்துவிட்டுப் புரதம் இருக்கிறது என்று எழுதாதே. ஆர்டர் வரவில்லை என்பதால் புரதம் இல்லை என்றும் எழுதாதே. போய் அள. பதினெட்டு வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் குரலில் ஒரு வாத்தியார் மிடுக்குக்கூட வந்துவிட்டது.

3

இங்கே வந்த புதிதில் கூட வேலை செய்த ஒரு பெண்மணி தன் வீட்டுக்கு அழைத்தார். மதியம் சாப்பிடாமல் போயிருந்தேன். ஆப்பிள் கேக்கைத் தட்டில் வைத்து நீட்டினார். நம் வழக்கப்படி, "வேண்டாங்க, இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பதை ஜெர்மனில் சொன்னேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டை உள்ளே எடுத்துப் போய்விட்டார். இரண்டு மணி நேரம் அவருடைய தோட்டத்துச் செடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். என் கண் சமையலறைக் கதவிலேயே இருந்தது. கேக் திரும்பி வரவில்லை. பசியோடு பஸ் ஏறினேன்.

பெருந்துறைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் காப்பிக்கு முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம். அட குடிங்க என்பார்கள். இல்லீங்க, இப்பத்தான் ஆச்சு என்போம். அரை டம்ளராச்சும் என்பார்கள். அதற்குப் பிறகு வாங்கிக்கொள்வோம். முதல் வேண்டாமுக்குக் கேட்டவர் நகர்ந்துவிட்டால், அந்த வீட்டில் மரியாதை தெரியாது என்று அர்த்தம். கேட்கிறவருக்கும் சொல்கிறவருக்கும் இது தெரியும். மூன்றாவது தடவை வரைக்கும் யாரும் யாரையும் நம்ப மாட்டார்கள்.

கேக் போன அன்றிலிருந்து நான் திருந்தினேன். வேண்டுமென்றால் வேண்டும், வேண்டாமென்றால் வேண்டாம். என் மகள் தாரணியையும் அப்படியே வளர்த்தேன். ஊருக்குப் போகும்போது மூன்று தடவை வற்புறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வர ஆரம்பித்தது. ஒரு காப்பிக்கு இவ்வளவு நாடகமா என்று என் கணவரிடம் முணுமுணுத்திருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

4

செந்தில் பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்தான். சொட்டுச் சாராயம் தொடாதவன். சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டு, கல்லீரலில் கொழுப்பு படிந்து, அது தழும்பாகி, வயிற்றில் நீர் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது. கல்லீரல் கெட்டது என்றாலே ஊரில் ஒரே அர்த்தம்தான். "தெரியாம குடிச்சிருப்பானாட்ட இருக்குது" என்று பேசிக்கொண்டார்கள். அம்மா அந்தப் பேச்சுக்குப் பயந்து விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கே மூன்று வாரம் கழித்துத்தான் சொன்னார்.

போன் வந்தபோது நான் குடுவையைக் கையில் வைத்திருந்தேன். ஈஸ்டைக் குடுவையிலிருந்து எடுத்து வடிகட்டி, திரவ நைட்ரஜனில் போட்டு உறையவைக்க ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை கிடைக்காமல் போன சில நிமிடங்களிலேயே செல் தன் ஆர்டர்களை மாற்றிவிடும். அப்புறம் நாம் அளப்பது அதன் சாதாரண நிலையை அல்ல, பதற்றத்தை. அதனால் அம்மாவைக் காத்திருக்கச் சொல்லி, வேலையை முடித்து, நடைபாதைக்கு வந்து திருப்பி அழைத்தேன்.

"செந்திலுக்கு ஈரல் கெட்டுப்போச்சாமா கண்ணு. கோயமுத்தூர்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுனோம். மாத்தோணும்ங்கறாங்க."

"யார் குடுக்கறதாம்?"

"பாக்கோணும். லிஸ்ட்டுல பேரு எழுதி வெச்சிருக்கறாங்க, செத்தவங்களுது வந்தா குடுப்பாங்களாமா. மஞ்சுவுக்கு குரூப்பு ஒத்து வரல. எனக்கு வயசாயிருச்சுன்னு போட்டாங்க."

"நான் வரட்டுமாம்மா?"

"வேண்டாங்கண்ணு. நீ எதுக்கு வேலைய உட்டுப்போட்டு. தாரணிக்கு வேற பள்ளிக்கோடம் இருக்கும். நாங்க பாத்துக்கறோம்."

சரிம்மா என்றேன்.

மஞ்சு செந்திலின் மனைவி. அவளால் முடியாது, அம்மாவால் முடியாது என்று ஒவ்வொருவராகச் சொல்லி முடித்தார். அவர்களுடைய பெண்ணுக்குப் பதினொரு வயது. அப்பா இல்லை. மிச்சம் யார் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். செந்திலுக்கும் எனக்கும் ஓ பாசிட்டிவ். காலேஜ் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து போய் ரத்தம் கொடுத்திருக்கிறோம்.

அந்த நேரத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை என்று எழுதிவிடலாம். பொய். தோன்றியது. அன்று மாலையே உட்கார்ந்து விவரம் தேடினேன். கல்லீரலில் பாதிக்கு மேல் வெட்டி எடுப்பார்கள், கொடுத்தவருக்கு அது மறுபடி வளர்ந்துவிடும், இரண்டு மூன்று மாதம் வேலைக்குப் போக முடியாது, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேர் மேஜையிலேயே போய்விடவும் கூடும் என்ற அளவுக்குத் தெரிந்துகொண்டேன். அதே மாதம்தான் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து குடியுரிமை நேர்காணலுக்குத் தேதி வந்திருந்தது. எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. தவறவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். என் வேலை ஒப்பந்தமும் புதுப்பிக்க இருந்தது. இவ்வளவையும் எண்ணிப் பார்த்துவிட்டு, அம்மாதான் வேண்டாம் என்றுவிட்டாரே என்று லேப்டாப்பை மூடினேன்.

ஜெர்மன் வேண்டாமை அம்மாவின் வாயில் கொண்டுபோய் வைத்தேன். எனக்கு அது வசதியாக இருந்தது.

5

ஒரு வாரம் கழித்துச் செந்திலே கூப்பிட்டான். அவனாகக் கூப்பிடுவது அபூர்வம். குரல் மெலிந்திருந்தது. வீடியோ போடச் சொன்னேன், நெட்டு சரியில்லை என்றான்.

"அக்கா, என்ன பண்ணிட்டிருக்கற? சாராயம் காச்சறயா?"

ஈஸ்ட் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து இதுதான் அவன் கிண்டல். ஆமாம், ரெண்டு குடம் இறக்கியிருக்கிறேன் என்றேன்.

"அந்த ஈஸ்டுக்குக் கல்லீரல் இருக்குதா அக்கா?"

"ஒத்தச் செல்லுடா அது. கல்லீரலும் கிடையாது, ஒன்னும் கிடையாது."

"புண்ணியம் பண்ணுனது" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்க நேரம் பிடித்தது.

அப்புறம் கேட்டான். "உன்ற ஒடம்பு எப்படி இருக்குது? உனக்கு சுகர் வந்திருச்சா?"

"எனக்கென்னடா, எல்லாம் நார்மல்."

"பிரஷரு?"

"அதுவும் இல்ல. நீ உன்ற ஒடம்பப் பாரு."

"இல்ல, சும்மா கேட்டேன். அப்பனுக்கு இருந்துச்சில்ல. அதான்." மறுபடி இருமினான். "சரி வெக்கட்டுமா. வேலையக் கெடுத்துப்போட்டேனா?"

கெடுக்கவில்லை என்றேன். உண்மையிலேயே அப்போது குடுவை எதுவும் கையில் இல்லை. இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பேசியிருக்கலாம்.

அதற்குப் பின் ஒன்பது வாரம் உயிரோடு இருந்தான். பட்டியலில் அவன் முறை வரவில்லை. நேர்காணல் நல்லபடியாக முடிந்தது. இந்த நாட்டின் அரசியல் சட்டத்தைப் பற்றி அந்த அதிகாரி கேட்ட எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை மஞ்சு போன் செய்து, "அண்ணி, போயிட்டாருங்க" என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

6

போன மாதம் திதி முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு, மஞ்சு ஆஸ்பத்திரி ஃபைலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இன்சூரன்ஸ்காரர்கள் கேட்ட காகிதத்தைத் தேடும்போது கிடைத்ததாம். "உங்களுக்குக் காட்டலாமா வேண்டாமான்னு தெரியலீங்க" என்றாள். காட்டு என்றேன்.

முதல் நாள் டாக்டர் கேட்டு, செந்தில் தன் கையால் எழுதிக் கொடுத்த தாள் அது. கல்லீரல் கொடுக்கக்கூடிய நெருங்கிய உறவினர்கள் என்று தலைப்பு. அதன் கீழே முதல் பெயர் என்னுடையது. அக்கா, நாற்பத்தைந்து, ஓ பாசிட்டிவ். உயரம் எடைகூட உத்தேசமாக எழுதியிருந்தான். எடையைப் பத்துக் கிலோ குறைத்துப் போட்டிருந்தான். டாக்டர் என் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு, ஓரத்தில் எப்போது வருவார் என்று ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"ஏன் மஞ்சு எங்கிட்டக் கேக்கல?"

"நான் கேக்கறேன்னு சொன்னனுங்க. அத்தைதான் உடல. கட்டிக் குடுத்த புள்ளகிட்ட நாமளா வாய் உட்டுக் கேக்கறது நல்லா இருக்காது, அவ ஊட்டுக்காரர் என்ன நெனப்பாரு, அவளா வாரேன்னா சரின்னாங்க. நீங்க வரட்டுமான்னு கேட்டீங்களாமா. இன்னொரு தடவ கேப்பீங்கன்னு நெனச்சாங்க. அந்த வாரம் பூரா போனைக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தாங்க. ஆஸ்பத்திரியில டவரு கெடைக்கலீன்னு, ஜன்னல் பக்கத்துலயே சேரைப் போட்டு."

"செந்திலு?"

"அவரு ஒருக்கா உங்களுக்குப் போன் பண்ணுனாருங்க. எங்கண்ணன் ஊடு கோயமுத்தூரு உக்கடத்துல இருக்குதில்லீங்க, அங்க இருந்து. பேசிப்போட்டு வந்து, அக்காளுக்கு ஒடம்பு நல்லா இருக்குது மஞ்சு, ஒரு நோவும் இல்லைன்னாரு. சந்தோசமா இருந்தாரு அன்னைக்கு."

அம்மா அடுத்த அறையில் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். நான் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையெல்லாம் பிறகு.

"ஏம்மா எங்கிட்ட நேராச் சொல்லல?"

அம்மா கையிலிருந்த சட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "சொன்னனே கண்ணு. மஞ்சுவுக்கு ஒத்து வரல, எனக்கு வயசாயிருச்சுன்னு எல்லாஞ் சொன்னனே."

அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. எழுபது வருடமாக அவர் யாரிடமும் எதையும் அதற்கு மேல் கேட்டதில்லை. நாற்பத்தைந்து வருடம் அவர் பெண்ணாக இருந்தவளுக்கு அது போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

7

திரும்பி வந்து தாரணியிடம் இதைச் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. மாமாவை அவளுக்குப் பிடிக்கும், ஆனால் அவனோடு பேசுவதற்கு அவளிடம் இருந்தது இருபது தமிழ் வார்த்தைகள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஜெர்மனில் கேட்டாள்.

"பாட்டி வேண்டாம் என்று சொன்னார்களா இல்லையா?"

"சொன்னார்."

"அப்படியென்றால் உன்மேல் தப்பில்லை. வேண்டுமென்றால் கேட்டிருக்க வேண்டும். இவ்வளவு பெரிய விஷயத்தை எப்படிக் கேட்காமல் இருப்பார்கள்?"

காப்பி டம்ளர் கதையைச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அது வேறு, இது வேறு என்றாள். பிறகு என் தோளைத் தட்டிவிட்டுத் தன் அறைக்குப் போனாள். நல்ல பெண். நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் எனக்குத் திருப்பிச் சொன்னாள். நாளைக்கு எனக்கு ஏதாவது வந்து, இவளிடம் வேண்டாம் கண்ணு, நீ உன் வேலையைப் பார் என்று நான் சொன்னால், இவள் பார்ப்பாள். அதில் இவளைக் குறை சொல்ல எனக்கு எந்த முகமும் இருக்காது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் ஒரு புதிய மாணவி வந்திருந்தாள். வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். ஆர்டரைப் பார்த்து ஊகிக்காதே என்பது வரை வந்துவிட்டு, அதற்கு மேல் சொல்ல முடியாமல் யோனாஸைக் கூப்பிட்டு ஒப்படைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பதினெட்டு வருடத்தில் முதல் தடவை.

8

எனக்கு ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. செந்திலுக்கு இருந்த கொழுப்பு எனக்கும் இருக்கலாம். அப்பாவுக்குச் சர்க்கரை, தம்பிக்குச் சர்க்கரை, எனக்கு எடை அதிகம். கல்லீரலில் கொழுப்பு கூடுதலாக இருந்தால் எந்த ஆஸ்பத்திரியும் என்னிடமிருந்து எடுத்திருக்காது. அப்படியானால் நான் விமானம் ஏறிப் போயிருந்தாலும், முதல் நாள் பரிசோதனையிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். நான் இன்னொரு தடவை கேட்டிருந்தாலும் முடிவு ஒன்றுதான் என்று ஆகிவிடும்.

குடும்ப டாக்டரிடம் போய், தம்பிக்குக் கல்லீரல் நோய் இருந்தது, எனக்கும் பார்க்க வேண்டும் என்றேன். ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேனுக்கு ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து, போன செவ்வாய்க்கிழமை, வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டு இருட்டறையில் மல்லாந்து படுத்திருந்தேன். டாக்டர் என்னைவிடச் சின்னவர், நல்ல மாதிரி. மூச்சை இழுத்துப் பிடியுங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சென்னிமலை முருகனை வேண்டிக்கொண்டேன். கொழுப்பு இருக்க வேண்டும், கொஞ்சம் இல்லை, நிறைய இருக்க வேண்டும் என்று. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில்கூட நான் அப்படி மனம் உருகி வேண்டிக்கொண்டதில்லை.

அவர் கருவியை வைத்துவிட்டு விளக்கைப் போட்டார். ரத்தப் பரிசோதனைத் தாளை இன்னொரு முறை பார்த்தார். பயப்பட ஒன்றுமே இல்லை என்றார். கொழுப்பு கொஞ்சம்கூட இல்லை, அளவு, வடிவம், ரத்த ஓட்டம் எல்லாம் கச்சிதம், உங்கள் வயதில் இவ்வளவு ஆரோக்கியமான கல்லீரலை நான் அதிகம் பார்த்ததில்லை என்றார்.

"வாழ்த்துகள்" என்று சொல்லிக் கையை நீட்டினார். நானும் கை கொடுத்து, நன்றி சொன்னேன்.